'காம் 3' எங்கே போச்சு? போர்ட்டைத் தேடும் வேலையை மனிதர் தலையில் கட்டலாமா?

இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூ நாள். மேசையில் ஒரு ஆர்டுயினோ போர்டு, இரண்டு சென்சார், பக்கத்தில் லேப்டாப். முந்தின நாள் ராத்திரி வரைக்கும் எல்லாம் சரியாக ஓடியது. எக்ஸ்டர்னல் வந்து நிற்கிறார். மாணவர் ஸ்கிரிப்ட்டை ஓட்டுகிறார். 'காம் 3 போர்ட் கிடைக்கவில்லை' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. "சார், நேத்து வேலை செஞ்சது சார்" என்கிறார் மாணவர். பொறியியல் கல்லூரி லேப்களில் ரொம்பப் பழகிப்போன வசனம் இது.

நடந்தது இவ்வளவுதான். நேற்று இடது பக்க யுஎஸ்பி துளையில் செருகிய கேபிள், இன்று வலது பக்கத்தில் செருகப்பட்டிருக்கிறது. நேற்று 'காம் 3' ஆக இருந்த அதே போர்டு இன்று 'காம் 7'. ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. ஏனென்றால் அதற்குள் 'காம் 3' என்று கையால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதை மாணவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. போர்ட்டைக் கண்டுபிடிப்பது கணினி செய்ய வேண்டிய வேலை. அதை மனிதரிடம் தள்ளிவிடுவதுதான் முதல் தவறு. கணினியிடம் ஒப்படைக்கும்போது அரைகுறையாக ஒப்படைப்பது இரண்டாவது தவறு. இரண்டாவது இன்னும் ஆபத்தானது.

இந்தக் காலத்திலும் சீரியல் போர்ட்டா?

சீரியல் போர்ட் என்றதும் பழைய கணினியின் முதுகில் இருந்த ஒன்பது ஊசி கொண்ட துளை நினைவுக்கு வரும். அதன் அடிப்படையான ஆர்எஸ்-232 தரம் 1960-ல் அமெரிக்காவில் வந்தது. டேட்டாவை ஒரே கம்பியில் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்புவதுதான் சீரியல். 1996-ல் யுஎஸ்பி வந்தது. 1998-ல் ஆப்பிளின் ஐமேக் பழைய சீரியல் துளையையே கைவிட்டது. மெல்ல மெல்ல லேப்டாப்களிலிருந்தும் அது மறைந்தது.

துளைதான் போனது, பேச்சு முறை போகவில்லை. எடை மெஷின், பார்கோடு ஸ்கேனர், ரசீது பிரின்டர், சிஎன்சி மெஷின், ஜிபிஎஸ் கருவி, ஆய்வகக் கருவிகள், ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 என ஒரு பெரிய கூட்டம் இன்றைக்கும் சீரியலில்தான் பேசுகிறது. யுஎஸ்பி கேபிளுக்கும் அந்தக் கருவிக்கும் நடுவே ஒரு சின்ன சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப், சிலிக்கான் லேப்ஸின் சிபி2102, சீனாவின் டபிள்யூசிஎச் தயாரிக்கும் சிஎச்340 ஆகியவை இதில் பிரபலம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் குறைந்த விலைக்கு வாங்கும் ஆர்டுயினோ மாதிரிப் போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது இந்த சிஎச்340தான்.

ஆக, இன்று சீரியல் போர்ட் என்பது கணினியில் நிலையாக இருக்கும் துளை இல்லை. கேபிளைச் செருகும்போது பிறந்து, உருவும்போது மறையும் ஒரு பெயர். அதனால்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

எண் ஏன் மாறுது?

ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் செருகப்பட்டதும் கணினியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதில் தயாரிப்பாளர் எண் ஒன்று, பொருள் எண் ஒன்று. எஃப்டிடிஐக்கு 0403, ஆர்டுயினோவுக்கு 2341 என்பவை தயாரிப்பாளர் எண்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு தனிக் கருவிக்கும் உரிய வரிசை எண். இந்த மூன்றாவது கட்டாயம் இல்லை. விலை குறைந்த பல சிப்களில் அது கிடையாது. சிஎச்340-ன் பரவலான வகைகளும் அப்படித்தான்.

வரிசை எண் இருந்தால், எந்தத் துளையில் செருகினாலும் 'இது அதே ஆள்தான்' என்று விண்டோஸ் புரிந்துகொண்டு பழைய காம் எண்ணையே தரும். இல்லாவிட்டால், எந்தத் துளையில் செருகப்பட்டது என்பதையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. துளை மாறினால் ஆள் மாறிவிட்டதாக நினைத்துப் புது எண் கொடுக்கும். பழைய எண்ணையும் விடுவிக்காது, ஒதுக்கியே வைத்திருக்கும். பல போர்டுகளைச் செருகிப் பழகிய லேப் கணினியில் எண் 20, 30 என்று ஏறிக்கொண்டே போவது இதனால்தான்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. காம் 9 வரை பெயரை அப்படியே கொடுத்துத் திறக்கலாம். காம் 10-லிருந்து பெயருக்கு முன்னால் ஒரு தனி முன்னொட்டு சேர்த்தால்தான் விண்டோஸ் திறக்கும். சொந்தமாக எழுதிய பழைய புரோகிராம்கள் ஒன்பது வரை நன்றாக ஓடி, பத்தில் வந்து விழுவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்கிரிப்ட் எப்படித் தேடுது?

இருக்கும் போர்ட்களைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி. ஒன்று, இயங்குதளத்திடம் பட்டியல் கேட்பது. இன்னொன்று, ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது.

பட்டியல் வழியில் விண்டோஸ், ரெஜிஸ்ட்ரியில் 'சீரியல்காம்' என்ற இடத்தில் தற்போதைய போர்ட்களைக் குறித்து வைக்கிறது. பவர்ஷெல்லில் டாட்நெட்டின் 'கெட் போர்ட் நேம்ஸ்' கட்டளை இதைத்தான் படித்துச் சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் விளக்கக் குறிப்பே இரண்டு எச்சரிக்கை தருகிறது. ரெஜிஸ்ட்ரியில் பழைய தகவல் இருந்தால் பதிலும் தவறாகவே வரும். பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 'பட்டியலில் முதலில் வருவதை எடுத்துக்கோ' என்று எழுதும் ஸ்கிரிப்ட் எவ்வளவு பலவீனமானது என்பது இதிலேயே புரியும்.

லினக்ஸில் எல்லாமே கோப்புகள். யுஎஸ்பி மாற்றி சிப்கள் 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்றும், அசல் ஆர்டுயினோ ஊனோ போன்றவை 'டிடிஒய் ஏசிஎம் 0' என்றும் 'டெவ்' கோப்புறையில் தோன்றும். அங்கேயே 'டிடிஒய் எஸ் 0' என்று தொடங்கி வரிசையாகப் பல பெயர்கள் இருக்கும். நிஜத்தில் அந்த எண்ணிக்கைக்கு போர்ட் எதுவும் கணினியில் இருக்காது. பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது, உள்ளே வீடு இல்லை என்ற கதைதான். பெயரை மட்டும் எண்ணும் ஸ்கிரிப்ட் இங்கே ஏமாந்துவிடும்.

மேக்கில் ஒரே கருவிக்கு இரண்டு பெயர் வரும். 'டிடிஒய்' என்று தொடங்குவது, மறுமுனையிலிருந்து சிக்னல் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் உள்ளது. 'சியூ' என்று தொடங்குவது காத்திருக்காது. கணினி தானே பேச்சைத் தொடங்கும் வேலைகளுக்கு 'சியூ'தான் சரி.

இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதத் தேவையில்லை. பைத்தானில் பைசீரியல் என்ற இலவச நூலகம் இருக்கிறது. அதன் 'லிஸ்ட் போர்ட்ஸ்' பகுதி, எந்த இயங்குதளமாக இருந்தாலும் போர்ட்டின் பெயர், விவரிப்பு, தயாரிப்பாளர் எண், பொருள் எண், வரிசை எண், எந்தத் துளை என எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடும். லினக்ஸில் அந்த வெற்றுப் பெயர்ப் பலகைகளையும் அதுவே வடிகட்டப் பார்க்கிறது. நாலைந்து வரி எழுதினால் போதும்.

தட்டிப் பார்த்தா என்ன தப்பு?

இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் இன்னொரு உத்தி: காம் 1-லிருந்து காம் 256 வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார், திறந்தால் இருக்கிறது, பிழை வந்தால் இல்லை. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு போர்ட்டைத் திறப்பது என்பது எட்டிப் பார்ப்பது மாதிரி இல்லை. உள்ளே இருப்பவரைத் தொந்தரவு செய்வது.

ஆர்டுயினோ ஊனோவின் போர்ட்டைத் திறந்ததும் அந்தப் போர்டு ரீசெட் ஆகிவிடும். புது புரோகிராமை எளிதாக ஏற்றுவதற்காக அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். இதே மாதிரி ரீசெட் ஆகும் போர்டுகளைக் கொண்ட 3டி பிரின்டர்கள் உண்டு. மெமரி கார்டிலிருந்து பல மணி நேரமாக அச்சடித்துக்கொண்டிருக்கும் அப்படி ஒரு பிரின்டரின் போர்ட்டை, வேறு எதையோ தேடும் ஸ்கிரிப்ட் திறந்தால் போதும். வேலை பாதியில் நின்றுவிடும். ப்ளூடூத்துக்காக விண்டோஸ் உருவாக்கும் போலி காம் போர்ட்டைத் திறந்தாலோ, அருகில் இல்லாத கருவியுடன் இணைய முயன்று ஸ்கிரிப்ட் பல விநாடி உறைந்து நிற்கும்.

திறக்க முடியாததை எல்லாம் 'இல்லை' என்று சொல்வதும் பொய். வேறு புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டர் ஜன்னலை மூட மறந்திருந்தால் இதுதான் நடக்கும். லினக்ஸில், உபுண்டு, டெபியன் போன்றவற்றில் பயனர் 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கப்படாமல் இருந்தால் அனுமதி மறுக்கப்படும். 'இல்லை', 'பிஸி', 'அனுமதி இல்லை' மூன்றும் மூன்று வேறு பதில்கள். மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வுகள். ஒரே பிழைச் செய்தியில் மூன்றையும் கட்டிப் போடும் மென்பொருள், பயனரை நடுத்தெருவில் விட்டுவிடுகிறது.

சிப்பின் முகம் வேறு, கருவியின் முகம் வேறு

'அப்போ தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் வைத்துக் கண்டுபிடித்தால் சரியாகிவிடுமா?' பாதி சரியாகும். மீதிப் பாதியில்தான் பெரிய பாடம் இருக்கிறது.

2022-ல் உபுண்டு 22.04 வெளியானதும் உலகம் முழுக்க ஒரு புகார் கிளம்பியது. சிஎச்340 சிப் உள்ள போர்டைச் செருகினால், 'டிடிஒய் யுஎஸ்பி 0' ஒரு கணம் தோன்றி உடனே மறைகிறது. கேபிளை மாற்றினார்கள், போர்டை மாற்றினார்கள், பலனில்லை. காரணம் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற மென்பொருள். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரையைக் கணினியுடன் இணைப்பது அதன் பணி. திரையில் வரும் எழுத்துகளைப் புள்ளிகளாக உயர்த்தி, விரலால் தடவிப் படிக்க உதவும் கருவி அது.

அந்த மென்பொருள் செய்ததும் தானாகப் போர்ட் கண்டுபிடிப்பதைத்தான். ஒரு பிரெய்ல் கருவியிலும் அதே சிஎச்340 சிப்பின் எண்கள் இருந்தன. அந்த எண்ணைக் கண்டால் பிரெய்ல் கருவி என்று கருதி எடுத்துக்கொள்ளும்படி விதி எழுதப்பட்டிருந்தது. ஆர்டுயினோ மாதிரிப் போர்டுக்கும் அதே எண்கள். விளைவு, மாணவரின் போர்டைப் பிரெய்ல் திரை என்று நினைத்து அது பிடித்துக்கொண்டது.

ஒரே சிப்பை எடை மெஷினிலும் வைக்கலாம், பிரெய்ல் திரையிலும் வைக்கலாம், பொம்மை ரோபோவிலும் வைக்கலாம். தயாரிப்பாளர் எண் சொல்வது சிப்பின் முகவரியை. கருவி எது என்பதை அது சொல்வதில்லை.

இதைவிடக் கவலை தருவது, அதற்குப் பரவிய தீர்வு. 'அந்த மென்பொருளையே நீக்கிவிடு' என்ற ஒரு வரி ஆலோசனை எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டது. சொந்த லேப்டாப்பில், பிரெய்ல் தேவைப்படாதவர் நீக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. பலரும் பகிரும் கல்லூரி லேப் கணினியில் அதே வரியை ஓட்டினால் என்ன ஆகும்? அடுத்த மணி நேரத்தில் அங்கு வந்து உட்காரும் பார்வையற்ற மாணவருக்கு அந்தக் கணினி ஊமையாகிவிடும். ஏன் என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த ஒரு சிப்புக்கான விதி வரியை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால், மற்ற பிரெய்ல் கருவிகள் வழக்கம்போல இயங்கியிருக்கும். இரண்டு நிமிட வேலை.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்வையற்றவர் கணினியைத் திறந்ததுமே, யாரிடமும் போய் நிற்காமல், கருவி வேலை செய்ய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட விதிதான் அது. பட்டியலில் போர்ட்டைத் தேர்வு செய் என்று திரையில் காட்டினால் அவரால் படிக்க முடியாதே! தானாகக் கண்டுபிடிப்பது மற்றவர்களுக்கு வசதி. அவருக்கு அதுதான் நுழைவாயில். ஆனால் போதாத சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதினால் நல்ல நோக்கமும் பிறர் பொருளைப் பறித்துவிடும்.

அடையாள எண்ணில் விளையாடியவர்கள்

அடையாள எண் எவ்வளவு அதிகாரம் கொண்டது என்பதற்கு 2014-ல் ஒரு பாடம் கிடைத்தது. தன் சிப்பைப் போலவே நகல் சிப்கள் சந்தையில் புழங்குவதைத் தடுக்க நினைத்த எஃப்டிடிஐ, விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை வெளியிட்டது. போலிச் சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணைப் பூஜ்யம் என்று அது மாற்றி எழுதியது. அதோடு அந்தக் கருவியைக் கணினி அடையாளம் காணாமல் போனது. கருவியை வாங்கியவருக்கு உள்ளே இருப்பது அசலா நகலா என்று தெரிய வழியே இல்லை. தண்டனை மட்டும் அவருக்கு. கடும் எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

நிறுவனத்தின் கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் கருவியைக் கண்டுபிடிக்க எழுதிய குறியீடு, கருவியைத் தீர்த்துக்கட்டும் வேலையையும் செய்யலாமா? தேடுவதற்குக் கொடுத்த அனுமதி தேடுவதற்கு மட்டும்தான்.

பிரவுசர் சொல்லித் தரும் மரியாதை

2021-ல் வந்த கூகுள் குரோம் 89-லிருந்து, இணையப் பக்கமே சீரியல் போர்ட்டுடன் பேச முடிகிறது. அங்கே பக்கம் நினைத்த நேரத்தில் எல்லாப் போர்ட்களையும் பட்டியலிட முடியாது. பயனர் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பிரவுசர் காட்டும் பெட்டியில் எந்தக் கருவி என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை அனுமதித்த கருவியை மட்டும்தான் அடுத்த முறை அந்தப் பக்கம் தானாகப் பார்க்கும்.

இது ஒரு நல்ல சமரசம். ஒருவர் கணினியில் என்னென்ன செருகியிருக்கிறது என்பது அவருடைய சொந்த விஷயம். முதல் முறை கேட்டுக்கொள்ள வேண்டும், அடுத்த முறை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் கேட்டு நச்சரிக்கவும் கூடாது, கேட்காமல் கை வைக்கவும் கூடாது. பில்லிங் மென்பொருள் எழுதுபவர்களும் புராஜெக்ட் எழுதும் மாணவர்களும் இதைக் கடன் வாங்கலாம்.

நல்ல ஸ்கிரிப்ட் எப்படி இருக்கணும்?

முதலில் இயங்குதளத்திடம் பட்டியல் கேட்க வேண்டும், எதையும் திறக்கக் கூடாது. வரிசை எண் இருந்தால் அதை வைத்துத் தேட வேண்டும். இல்லாவிட்டால் தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்தத் துளை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லினக்ஸில் இதற்காகவே 'பை-ஐடி', 'பை-பாத்' என்ற நிலையான பெயர்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது கருவியின் அடையாளத்தை வைத்து, இரண்டாவது துளையின் இடத்தை வைத்து.

பொருந்துவது ஒன்றுதான் என்றால் தொடரலாம். இரண்டு, மூன்று பொருந்தினால் ஊகிக்கக் கூடாது, பயனரைக் கேட்க வேண்டும். எது எது என்று அவருக்கும் தெரியாவிட்டால் ஒரு பழைய உத்தி கைகொடுக்கும். கேபிளை உருவச் சொல்லிப் பட்டியல் எடுக்க வேண்டும், செருகச் சொல்லி மறுபடி எடுக்க வேண்டும். புதிதாக வந்த பெயர்தான் விடை. கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

அதன் பிறகுதான் போர்ட்டைத் திறந்து 'நீ யார்?' என்று கேட்கலாம். ஆய்வகக் கருவிகள் பலவற்றில் இதற்கென்றே பொதுக் கட்டளை உண்டு. தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், மென்பொருள் பதிப்பு என்று நான்கும் பதிலாக வரும். மாணவர்களும் தங்கள் போர்டின் புரோகிராமில், கேட்டால் பெயர் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். ஊனோ திறந்ததும் ரீசெட் ஆவதால், கேள்வி கேட்கும் முன் இரண்டு விநாடி பொறுத்திருக்க வேண்டும்.

எதுவுமே கிடைக்காவிட்டால் 'பிழை' என்று கத்தாமல், 'டேட்டா போகும் கேபிள்தானா என்று பாருங்கள்' என்று சொல்ல வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. எப்பேர்ப்பட்ட ஸ்கிரிப்ட்டாலும் அதைத் தாண்டிப் பார்க்க முடியாது.

பொறுப்பு யாருக்கு?

மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடையைக் கூட்டும்போது எடை மெஷினின் கேபிளை உருவி, வேறு துளையில் செருகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் எடை வராது. வாசலில் கூட்டம். சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டால், "அண்ணே, டிவைஸ் மேனேஜர் போய் காம் நம்பர் என்னன்னு பாருங்க" என்கிறார். கடைக்காரர் எதற்கு டிவைஸ் மேனேஜரைப் பார்க்க வேண்டும்? அவருக்குத் தெரிய வேண்டியது பருப்பு விலை. எண்ணைத் தேடும் வேலை அந்த மென்பொருளுக்கு உரியது, அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறார்.

கல்லூரிகளிலும் மாற்றம் தேவை. 'காம் 3 என்று போடு, ஓடும்' என்று சொல்லித் தரப்படும் மாணவர்தான் நாளை அந்த பில்லிங் மென்பொருளை எழுதப்போகிறார். எம்பெடட் லேப் மேனுவலில் எல்இடி எரிய வைக்கும் முதல் பயிற்சிக்கு அடுத்ததாகவே, இணைந்திருக்கும் போர்ட்டைக் கண்டுபிடிக்கும் பயிற்சி இடம்பெற வேண்டும். கேபிளைத் துளை மாற்றிச் செருகிய பிறகும் ஓடினால்தான் மதிப்பெண் என்று வைத்தால், ரிவ்யூ நாள் அழுகை பாதி குறையும். ஒரே லேப்பில் பிரெய்ல் திரையும் ஆர்டுயினோவும் சண்டையின்றி இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சியின் பகுதியாகட்டும்.

போர்ட்டைத் தேடும் நாலைந்து வரி சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வரிகளை எழுதாமல் விட்டால் தேடும் வேலை கடைக்காரர் மீதும் மாணவர் மீதும் விழுகிறது. அவசரமாக எழுதினால் பார்வையற்ற ஒருவரின் கணினி மீது விழுகிறது. அந்தச் சுமையைத் தாங்க வேண்டியது ஸ்கிரிப்ட்தான், அவர்கள் இல்லை.